கொக்கியா, வலையா? மாங்காய் பறிக்க எந்தத் தொரட்டி

ஆனைமலை அடிவாரத்தில் எங்கள் தோட்டத்தில் செந்தூராவும் இமாம் பசந்தும் சேர்த்து 22 மாமரம். மூங்கிலில் கொக்கி கட்டிய தொரட்டியால்தான் அய்யன் காலத்திலிருந்து பறித்தோம். இரண்டு பருவமாகக் கத்தியும் வலையும் வைத்த தொரட்டிக்கு மாறிவிட்டோம்.

கைக்கெட்டும் கிளையில் கையால் பறிப்பதே சிறந்தது, அதில் பேச்சில்லை. அதற்கு மேலே உள்ள காய்க்குத்தான் இந்தக் கேள்வி.

கொக்கியில் வேகம் உண்டு, செலவும் கிடையாது. ஊறுகாய்க்குப் போகும் காய்க்கு இன்றைக்கும் அது போதும்.

பழமாக விற்பதென்றால் காம்பைப் பார்க்க வேண்டும். கொக்கியில் இழுத்தால் காம்பு அடியோடு பிய்ந்து பால் பீய்ச்சும். பால் பட்ட தோல் கருகி, பழுக்கும்போது கறுப்புக் கோடாகத் தெரியும். பிய்ந்த வாய் வழியே காம்படி அழுகலும் இறங்கும். கீழே விழுந்து அடிபட்ட காய் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். வைக்கோலில் வைத்த நாலாம் நாள் அந்த இடம் கொழகொழத்துவிடும். ஒரு வருசம் இமாம் பசந்த் 15 கூடை அனுப்பினோம், மண்டியில் 4 கூடையை ஒதுக்கிவிட்டார்கள். பூவெடுத்த நாளிலிருந்து காத்த காய். அய்யன் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

வலைத் தொரட்டியில் காம்பைக் கத்தியில் மாட்டி இழுத்தால் ஓர் அங்குலக் காம்போடு காய் வலைக்குள் விழும். அப்புறம் நிழலில் காம்பை ஒட்ட நறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் பால் தோலில் படாமல் வடிந்துவிடும். காம்பைச் சுற்றித் தோள் திரண்டு முற்றிய காயாகப் பார்த்து எடுக்கவும் முடிகிறது. கொக்கியில் பிஞ்சும் சேர்ந்து உதிரும். இமாம் பசந்துக்குத் தோல் மெல்லிசு என்பதால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. செந்தூராவில் அவ்வளவு தெரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை மெதுவாகத்தான் நடக்கும். நாலைந்து காய் சேர்ந்ததும் வலையை இறக்கியாக வேண்டும், இல்லையென்றால் காயோடு காய் இடிக்கும். "ஒவ்வொண்ணாப் பறிச்சா எப்பங்க முடியும்?" என்று ஆட்கள் முதல் வாரம் சலித்துக்கொண்டார்கள். கூடைக் கணக்கில் கூலி கொடுத்தால் அவசரம்தான் வரும். நாள் கூலிக்கு மாற்றிய பிறகே கை பழகியது.

கத்தி எத்தனை பருவம் தாங்கும் என்று இரண்டு பருவத்தை வைத்துச் சொல்வது சரியாகாது. ரொம்ப உயரமான இரண்டு பழைய மரங்களுக்கு எந்தத் தொரட்டியும் எட்டவில்லை. அவற்றில் இன்னும் ஆள் ஏறி, கயிறு கட்டிய கூடையில்தான் காயை இறக்குகிறோம்.