எண்ணை எழுத்தாக்கும் ‘டிஆர்’ கட்டளை: பயன்படுத்திப் பார்த்தபின்

எழுத்துக்குப் பதிலாக அதன் சாயலில் உள்ள எண்ணை நுழைத்து ஆங்கிலச் சொற்களை எழுதும் ‘லீட்’ முறையில் ஏ என்பது 4 ஆகவும், இ என்பது 3 ஆகவும், ஓ என்பது 0 ஆகவும், எஸ் என்பது 5 ஆகவும், டி (T) என்பது 7 ஆகவும் மாறிவிடும். வேண்டாத செய்திகளைத் தடுக்கும் வடிகட்டிகளை ஏமாற்ற இவ்வாறு எழுதப்பட்டு வந்த விளம்பரக் குறுஞ்செய்திகளைப் படிப்பதற்காக, லினக்ஸ், மேக் கணினிகளில் உடன்வரும் ‘டிஆர்’ (tr) கட்டளையைச் சில வாரங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

இதைத் தனியே நிறுவ வேண்டியதில்லை, காசும் இல்லை. கட்டளையை அடுத்து 43057 என்று எண்களை ஒரு வரிசையாகவும், அவற்றுக்குரிய ஐந்து எழுத்துகளை அதே ஒழுங்கில் மற்றொரு வரிசையாகவும் தட்டினால், முதல் எண்ணுக்கு முதல் எழுத்து என்ற கணக்கில் கோப்பு முழுவதையும் நொடியில் மாற்றிவிடுகிறது. கோப்பின் பெயரை நேரடியாகக் கொடுத்தால் ஏற்காது என்பதால், ‘<’ குறியிட்டு உள்ளே திருப்பிவிட வேண்டும்.

வேகத்தில் குறை சொல்ல முடியாது, விவேகத்தில்தான் சிக்கல். ஒருமுறை கடைசி எழுத்தான டி-யைத் தட்ட மறந்துவிட்டேன். எச்சரிக்கை ஏதும் தராமல், வரிசையில் இறுதியாக இருந்த எஸ்-ஐயே 7-க்கும் போட்டு நிரப்பிவிட்டது. அதைவிடப் பெரிய தொல்லை, உண்மையான எண்ணையும் வேடமிட்ட எண்ணையும் இதனால் பிரித்தறிய முடியாததே. பூச்சியம் போட்டு எழுதிய ‘லோன்’ சரியாக வந்தது. பக்கத்திலிருந்த 50000 ரூபாயோ ஓர் எஸ்ஸும் நான்கு ஓ-க்களுமாகக் கரைந்துபோயிற்று! 1 என்பது ஐ-யா எல்-லா என்ற ஐயத்தையும் நாம்தான் தீர்க்க வேண்டும். அருகில் எழுத்து இருந்தால் மட்டும் மாற்றுமாறு விதி எழுத விரும்புவோர் விதிப்படி உரையை மாற்றும் ‘செட்’ (sed) கட்டளைக்குப் போவதே நல்லது.

எட்டுக்கு ‘அ’, காலுக்கு ‘வ’ என்பது பழந்தமிழ் எண்குறி. ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடலில் ‘எட்டேகால் லட்சணமே’ என்பது ‘அவலட்சணமே’ என்ற வசையாவது இதனால்தான். அந்த நினைப்பில் 8-ஐ ‘அ’ ஆக்கச் சொல்லிப் பார்த்தேன். என் லினக்ஸில் உள்ள பதிப்பு எழுத்து எழுத்தாக அல்லாமல், கணினியின் சேமிப்பு அலகான பைட் பைட்டாகவே இயங்குகிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையில் ‘அ’ மூன்று பைட் கொண்டது. முதல் பைட்டை மட்டும் எடுத்துப் போட்டதால், திரையில் வந்தது ஒரு கேள்விக்குறி.