பக்கி ஃபிரேமுக்கு எந்த டியூப்: டி.ஓ.எம்.மா, குரோமோலியா?

என் பக்கியின் (கரடுமுரடான பாதையில் ஓட்டும் திறந்த சிறு வண்டி) ஃபிரேம் டி.ஓ.எம். எனும் குளிராக இழுத்த எஃகு டியூபில் கட்டியது, நாளைக்கு இன்னொன்று கட்டினாலும் அதையேதான் எடுப்பேன். அதனால் இதை நடுநிலையான ஒப்பீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர் பைப்பை முதலில் ஒதுக்கிவிடலாம். அது தண்ணீர் போகச் செய்தது, வண்டி உருண்டால் தலையைக் காக்க அல்ல. துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் என்றால் வெல்டு போடும்போது துத்தநாகப் புகை வேறு.

இ.ஆர்.டபிள்யூ. என்பது தகட்டைச் சுருட்டி ஓரங்களை மின்சாரத்தில் சேர்த்த டியூப். சீட் மவுண்ட், தரைக் குறுக்குச் சட்டம் இதற்கெல்லாம் தாராளமாகப் போதும். வளைக்கும்போது அந்தத் தையல் வளைவின் வெளிப்பக்கமோ உள்பக்கமோ வராமல் பக்கவாட்டில் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் போகும் ரோல் கூண்டுக்கு மட்டும் நான் போடமாட்டேன். அதே டியூபை டை என்ற அச்சுத் துளை வழியாக, உள்ளே மேன்ட்ரல் என்ற உருளையை வைத்து, குளிராக (சூடாக்காமல்) இழுத்தால் டி.ஓ.எம். ஆகிறது. சுவர் ஒரே சீராக இருக்கும், உள்ளே வெல்டு மேடு இருக்காது, பலமும் நன்றாக ஏறும். சாதாரண இ.ஆர்.டபிள்யூ. சுமார் 250 முதல் 300 மெகாபாஸ்கலில் (பலத்தை அளக்கும் அலகு) நிரந்தரமாக வளையத் தொடங்கும் என்றால், டி.ஓ.எம். 400-ஐத் தாண்டும்.

இப்போது 4130 குரோமோலி, அதாவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு. பலருக்கும் இதன் மேல்தான் ஆசை. ஆனால் நார்மலைஸ் செய்த (சூடாக்கிக் காற்றில் ஆறவிட்ட) நிலையில் இது வளையத் தொடங்கும் எண்ணும் டி.ஓ.எம்.-ஐ ஒட்டித்தான் வருகிறது. டி.ஓ.எம். வெல்டுக்குப் பக்கத்தில் குளிர் இழுப்பில் கிடைத்த பலத்தைக் கொஞ்சம் இழக்கும், குரோமோலி அதை நன்றாகத் தாங்கும், அந்த அனுகூலத்தை மறுக்கவில்லை. ஆனால் விறைப்பு என்று வந்தால் எல்லா எஃகும் ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். குரோமோலியில் எடை குறைய வேண்டுமானால் சுவரை மெலிதாக்க வேண்டும், மெலிதாக்கினால் ஃபிரேம் அதிகம் நெளியும், கல் பட்டால் சீக்கிரம் நசுங்கும். எடையும் விறைப்பும்தான் கவலை என்றால் விட்டத்தைக் கூட்டிப் பாருங்கள்: 38.1 மிமீ விட்டம், 3.05 மிமீ சுவர் உள்ள டியூப் மீட்டருக்குச் சுமார் 2.64 கிலோ, 44.45 மிமீ விட்டம், 2.41 மிமீ சுவர் என்றால் சுமார் 2.5 கிலோ. எடையும் குறைந்து, வளைவுக்கு எதிரான விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது, அதுவும் அதே எஃகில்.

சரி, என் முடிவைத் தீர்மானித்தது இதெல்லாம் இல்லை. பழுது பார்ப்பதுதான். கரடுமுரடான பாதையில் ஓடும் ஃபிரேம் எங்கேயாவது விரிசல் விடும், ஷாக் மவுண்ட், கன்ட்ரோல் ஆர்ம் பிராக்கெட், கஸெட் (மூலையைத் தாங்கும் தகடு) முனை, இப்படி விசை வந்து குவியும் இடங்களில். என்னுடையதில் பின் ஷாக் மவுண்டுக்குப் பக்கத்தில் வந்தது. விரிசல் முனையில் ஒரு துளை போட்டு, கிரைண்டரில் வி வடிவில் திறந்து, 7018 வெல்டிங் ராடில் நிரப்பி, மேலே ஒரு பட்டை போட்டு முடித்தாயிற்று. சாதாரண ஆர்க் மெஷினும் கை பழகிய ஒரு வெல்டரும் இருந்தால் எங்கேயும் நடக்கிற வேலை.

குரோமோலியில் இதே வேலைக்கு நிதானம் வேண்டும். வெல்டை ஒட்டிய பகுதி வேகமாக ஆறினால் கெட்டிப்பட்டு நொறுங்கும் தன்மைக்குப் போகும், அப்புறம் அடுத்த விரிசல் வெல்டின் ஓரத்திலேயே கிளம்பும். காற்று வீசும் திறந்தவெளியில் போடக் கூடாது, தண்ணீர் ஊற்றி ஆற்றவே கூடாது, 3 மிமீக்கு மேல் தடிமன் என்றால் முன்சூடு தேவை, ஈரம் ஏறிய ராடு என்றால் ஹைட்ரஜன் விரிசல். டியூப் முனைகள் இடைவெளியில்லாமல் பொருந்த நாட்ச் வெட்டி, இ.ஆர்.70எஸ்-2 நிரப்புக் கம்பியோடு டிக்கில் (டங்ஸ்டன் முனையும் வாயுக் காப்பும் உள்ள வெல்டிங்) போடுவதுதான் நிம்மதி. மிக்கிலும் (கம்பி தானாக வரும் வெல்டிங்) நன்றாகப் போடுபவர்கள் உண்டு. நான் குரோமோலியில் முழு ஃபிரேம் கட்டியதில்லை, வெட்டுத் துண்டுகளில் வெல்டு போட்டு உடைத்துப் பார்த்ததுதான், ஆகவே நீண்டகாலத் தேய்வு பற்றி அனுபவத்தில் பேச எனக்குத் தகுதியில்லை. சொந்தமாக டிக் மெஷின் இருந்து, எஞ்சினும் சின்னதாக இருந்து, ஒவ்வொரு கிலோவும் முக்கியம் என்றால் குரோமோலியைத் தாராளமாக எடுங்கள்.

போட்டிக்குப் போகிறவர்கள் டியூப் வாங்கும் முன் விதிப்புத்தகத்தைப் படித்துவிடுங்கள். உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் கூண்டு விதி, குளிராக இழுத்த, தையலே இல்லாத கார்பன் எஃகைக் கேட்கிறது, ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளையத்துக்கு 45×2.5 அல்லது 50×2.0 மிமீ. தையலிலிருந்து பிறந்த டி.ஓ.எம். அங்கே செல்லாது, எனக்குப் பிடித்த டியூப் என்றாலும் சொல்லத்தான் வேண்டும். மாணவர்கள் பக்கி கட்டி ஓட்டும் எஸ்.ஏ.இ. பாஹா போட்டி 25 மிமீ விட்டம், 3 மிமீ சுவர் உள்ள எஃகை அளவுகோலாக வைத்து, அதற்கு ஈடான வளைவு விறைப்பையும் பலத்தையும் காட்டச் சொல்கிறது.

வெறும் ஓட்டத்துக்கு என்றால் வளைக்கும் டியூப் எல்லாவற்றையும் ஒரே விட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள், டியூப் வளைக்கும் பென்டருக்கு ஒரே டை (வளைவு அச்சு) போதும். வளைவு ஆரம் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும்.