நுவரெலியா கோல்ஃப் மைதானம்: யாழ்ப்பாணத்திலிருந்து போய் விளையாடுபவனின் அனுபவம்

தூரமாக அடிப்பதில் பெருமைப்படுகிறவருக்கு இந்த மைதானம் ஒத்துவராது. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிடும் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் தூரமாக அடிக்கிற மட்டையான டிரைவரைப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டுதான் மலையேறுகிறார்கள். அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன். பல வருடங்களாக வசதி கிடைக்கும்போதெல்லாம் போய் வருகிறேன். என்னுடைய டிரைவர் இப்போது பெரும்பாலும் பையை விட்டு வெளியே வருவதில்லை.

நுவரெலியா கோல்ஃப் கிளப் 1889-இல் தொடங்கியது. 18 குழிகளும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. கிராண்ட் ஹோட்டலும் ஹில் கிளப்பும் பக்கத்தில், பின்னால் 2,524 மீற்றர் உயரத்தில் பிதுருதலாகலை மலை. கடலோர மணல்மேட்டு மைதானம் போலன்றி, இது பூங்கா மாதிரி: புல், ஓடை, இரண்டு பக்கமும் பைன், சைப்பிரஸ், யூக்கலிப்டஸ். அழகைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை, படங்களில் தெரிவதுதான். அதே மரங்கள் ஆட்டத்தில் என்ன செய்கின்றன என்பதைப் படம் காட்டாது.

பந்து போகவேண்டிய புல்பாதையான ஃபெயார்வே ஒடுக்கம். பந்து கொஞ்சம் வலப்பக்கம் வளைந்தாலும் மரத்துக்குள் போய்விடும். தேடுவதற்கு 2019-இலிருந்து விதி தருவது 3 நிமிடம்தான், முன்பு 5. கிடைக்காவிட்டால் ஒரு அடி தண்டம், அடித்த இடத்துக்கே திரும்பி நடக்கவும் வேண்டும். எனவே டீயிலிருந்து, அதாவது முதல் அடி அடிக்கிற இடத்திலிருந்து, டிரைவரைவிடத் தூரம் குறைந்த மட்டையான 5-ஆம் நம்பர் அயனோ ஹைபிரிட்டோ போதும். இரண்டாவது அடி கொஞ்சம் நீளமாக இருக்கும், இருக்கட்டும். புல்லில் இருந்து அடிக்கிற 170 யார்ட், பைன் வேருக்கு இடையில் கிடக்கிற 110 யார்ட்டை விடச் சுகம்.

தூரக் கணக்கும் இங்கே மாறும். நாங்கள் கடல் மட்டத்து ஆட்கள். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு, பந்துக்குத் தடை குறைவு, ஆகவே அதே அடி ஏறத்தாழ 7 சதவீதம் கூடப் போகும். ஊரில் 150 போகிற அயன் இங்கே 160-ஐத் தொடும். ஆனால் விடியற்காலைக் குளிரில் பந்து விறைத்துப்போய் அந்த லாபத்தில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துவிடும். வெயில் ஏறினபிறகு இன்னொரு கணக்கு. ஒரே ஆட்டத்தில் முதல் ஒன்பது குழிக்கும் பின் ஒன்பது குழிக்கும் நான் வேறு வேறு அயன் எடுப்பது இதனால்தான்.

யாழ்ப்பாணத்தில் 18 குழி மைதானம் இல்லை. சொந்தக்காரர் ஒருவருடைய வெறுங்காணியில், வடலிகளுக்கு நடுவே, பழைய பந்துகளை வைத்து அடிப்பதுதான் எங்கள் பயிற்சி. வைகாசியில் சோளகம் என்கிற தென்மேல் காற்று தொடங்கினால் பந்தை உயர்த்தி அடித்துப் பிரயோசனமில்லை, காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். எனவே பந்தைப் பின்காலுக்குக் கிட்ட வைத்து, கையை முன்னுக்குத் தள்ளி, பாதிச் சுற்றிலேயே நிறுத்தித் தாழ்வாக அடிக்கப் பழகினோம். கொழும்பில் பழகினவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மரக்கிளைக்குக் கீழே பந்து கிடக்கும்போது சிரிப்பு நின்றுவிடும். நுவரெலியாவில் எனக்கு அதிக புள்ளிகளைக் காப்பாற்றித் தந்தது இந்தச் சோளகத்து அடிதான்.

எங்களுக்குக் கைவராதது சரிவு. யாழ்ப்பாணத்துத் தரையில் இரண்டு காலும் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும். நுவரெலியாவில் அப்படி நிற்கிற இடம் டீ மட்டும்தான் என்று தோன்றும். வலக்கைக்காரருக்குப் பந்து காலைவிட உயரத்தில் இருந்தால் இடப்பக்கம் இழுக்கும், தாழ்வில் இருந்தால் வலப்பக்கம் ஓடும். மேட்டை நோக்கி அடித்தால் உயரமாகப் போய்க் கிட்டவே விழும். இதெல்லாம் எனக்கு வாய்ப்பாடமாகத் தெரியும், கால்தான் இன்னும் நம்பவில்லை.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில், பை தூக்கி வழி சொல்லும் கெடி சொல்வதைக் கேளுங்கள். எனக்கு வழக்கமாக வருகிறவர் மலையகத் தமிழர், அந்த நிலத்திலேயே வளர்ந்தவர். "சார், உங்களுக்கு இடதுன்னு தெரியும். ஆனா வலதுதான்" என்பார். "தம்பி, வடிவாப் பாத்தனீரோ?" என்று கேட்டால் மலையை ஒருக்கால் திரும்பிப் பார்த்துவிட்டு, "வலதுதான் சார்" என்று முடித்துவிடுவார். சுற்றிலும் மலை இருந்தால் கண்ணுக்குச் சாய்வு பிழையாகத் தெரியும், அவருக்கு அந்தக் குழப்பமே இல்லை.

சாமான் விஷயம். மழைச்சட்டை கட்டாயம். உள்ளே தண்ணீர் போகாத சப்பாத்து வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. மஞ்சள் பந்து நல்லது, மூட்டத்தில் வெள்ளைப் பந்து தெரியாது. ஈரத்தரையில் பந்து தான் விழுந்து உண்டாக்கிய பள்ளத்திலேயே புதைந்தால், மணற்குழியும் ஓடை போன்ற தண்டப் பகுதியும் அல்லாத இடத்தில் தண்டமில்லாமல் எடுத்துப் போடலாம். தெரியாமல் அப்படியே அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போவதற்குப் பெப்ரவரி, மார்ச் நல்லது. ஏப்ரலில் வசந்தகாலக் கூட்டம், அறை வாடகை கேட்டாலே தலை சுற்றும். ஜூனிலிருந்து தென்மேல் பருவமழை. கண்டி வரை ஏ9 வீதி, 321 கிலோமீற்றர், அதன்பிறகு கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக வளைவுகள். போய் இறங்கிய அன்றே விளையாட நினைக்காதீர்கள், இடுப்பு விடாது. இவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குத் திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் மைதானம் கிட்ட இருக்கிறது. அங்கே உயரக் கணக்கும் வேண்டாம், கம்பளி மேலாடையும் வேண்டாம். ஆனால் என்னைக் கேட்டால் வருடத்தில் ஒருமுறையாவது மலைக்குத்தான் போவேன்.