வியன்னாவின் ஈரத் தெருக்கள்: 'தி தேர்ட் மேன்' படத்துடன் பன்னிரண்டு வருடம்

1949இல் கரோல் ரீட் இயக்கிய இந்தப் படத்தை இருபது முறைக்கு மேல் பார்த்திருப்பேன். கதாநாயகனின் நண்பன் ஹாரி லைம் செத்தானா, பிழைத்தானா என்ற மர்மம் முதல் தடவையோடு தீர்ந்துபோனது. (கதை தெரியாதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து மேலே படிக்கலாம்.) அதன்பிறகு நான் பார்ப்பது போரில் இடிந்து, நான்கு நாட்டு ராணுவங்கள் பங்குபோட்டுக்கொண்ட வியன்னாவைத்தான்.

முதலில் வாங்கியது நடைபாதைக் கடை டிவிடி. 93 நிமிடம், இரவுக் காட்சிகளில் கரியை அப்பியதுபோல் இருட்டு. அது அமெரிக்காவுக்கென்று வெட்டிச் சுருக்கிய பதிப்பு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. முழுப் படம் 104 நிமிடம். அதன் தொடக்கத்தில் ஒலிப்பது ரீட்டின் குரல். கள்ளச்சந்தையில் புழங்கிய, பெயரில்லாத ஒருவன் பேசுவதுபோல் இருக்கும். சுருக்கிய பதிப்பில் அந்த வேலை கதாநாயகன் ஹாலி மார்ட்டின்ஸுக்கு. ஊருக்கு அன்றைக்குத்தான் வந்து இறங்குகிறவன் நமக்கு ஊரைச் சுற்றிக்காட்டுவதா? எனக்கு ஒட்டவேயில்லை.

2015இல் 4கே தரத்தில் புதுப்பித்த பதிப்பு கைக்கு வந்தபோது வேறு படத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. தண்ணீர் பீய்ச்சி நனைத்த கல்பாவிய தெருக்கள், ஒவ்வொரு கல்லின் முதுகிலும் விளக்கொளி. படம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஹாரி லைமாக ஆர்சன் வெல்ஸ் வருகிறார். இருண்ட வாசலில் இரண்டு ஷூக்கள், அவற்றின் மேல் ஒரு பூனை. மாடி ஜன்னலில் விளக்கு எரிந்ததும் முகம் தெரிகிறது. திருட்டுத்தனம் பிடிபட்ட பையனின் அரைச் சிரிப்பு. பழைய டிவிடியில் பூனையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

குறையும் உண்டு. ராபர்ட் கிராஸ்கரின் ஒளிப்பதிவு ஆஸ்கர் வாங்கியது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாய்ந்த கோணங்கள் பத்தாவது தடவைக்குப் பிறகு கழுத்து வலியாகிவிடுகின்றன. ஆன்டன் கராஸ் ஸிதர் என்ற தந்தி வாத்தியத்தில் மீட்டிய இசை எனக்கு அலுக்கவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு அலுத்துவிட்டது. இப்போது ஹெட்போனில்தான் பார்க்கிறேன்.

வசனவரிகளில் ஒரு எச்சரிக்கை. ஜெர்மன் பேச்சை வேண்டுமென்றே மொழிபெயர்க்காமல் விட்டிருக்கிறார்கள். ஹாலிக்கும் புரியாது, நமக்கும் புரியாது. கும்பல் அவனைக் கொலைகாரன் என்று சந்தேகித்துச் சூழும்போது அந்தத் திகைப்பில் நாமும் சிக்கிக்கொள்கிறோம். அதையும் பெயர்த்துப் போடும் வசனவரி கிடைத்தால் அணைத்துவிடுங்கள். கட்டடக் காவலாளியாக வரும் பால் ஹார்பிகருக்கு ஆங்கிலம் தெரியாது. ஒலியை மனப்பாடம் செய்து பேசியிருக்கிறார். நரகம் என்று சொல்லி மேலே கையைக் காட்டுவார், சொர்க்கம் என்று கீழே. மூன்றாவது தடவைதான் அது என் கண்ணில் பட்டது.

பிராட்டர் பூங்காவின் ராட்சதச் சக்கரத்தையும் கவனியுங்கள். முன்பு 30 பெட்டிகள் இருந்தன. போரில் எரிந்தபின் 15ஐ மட்டுமே திரும்ப மாட்டினார்கள். அந்த இடைவெளிகள் படத்தில் இருக்கின்றன.

கடைசிக் காட்சி கல்லறைத் தோட்டச் சாலை. கதை எழுதிய கிரகாம் கிரீன் ஹாலியையும் ஹாரியின் காதலி அன்னாவையும் சேர்த்துவைக்க விரும்பினார், ரீட் ஒப்பவில்லை. தொலைவிலிருந்து நடந்து வரும் அன்னா, காத்து நிற்கும் ஹாலியைத் திரும்பியும் பார்க்காமல் கடந்துபோகிறாள். மரங்களிலிருந்து இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருக்கின்றன. பழைய டிவிடியில் அவற்றைப் புள்ளிக் கோளாறு என்று நினைத்திருந்தேன்.