ஏ.சி.எல் சர்ஜரி: ஹாம்ஸ்ட்ரிங்கா, பி.டி.பியா?

முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடித்திருக்கும் நார்தான் ஏ.சி.எல். அது முழுசாக அறுந்துபோனால் அதையே தைத்து ஒட்ட வைப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். மூட்டுக்குள் இருக்கும் நீர் அங்கே ரத்தக்கட்டை நிற்க விடாது, அதனால் ஆறாது. ஆகவே நம் உடம்பிலிருந்தே வேறொரு தசைநாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, அந்த இடத்தில் புதிதாகக் கட்டுகிறார்கள். எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் குழப்பம். எனக்கு டாக்டர் இரண்டைச் சொன்னார்: தொடையின் பின்பக்க ஹாம்ஸ்ட்ரிங், அல்லது முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநார் (பி.டி.பி என்பார்கள்). நான் ஹாம்ஸ்ட்ரிங் எடுத்துக்கொண்டவன். இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும், முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

சர்ஜரியே வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2010-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வொன்றில் 121 பேரில் ஒரு பாதிக்கு முதலில் உடற்பயிற்சி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருஷத்தில் அவர்களில் பாதிக்கு மேல் கத்தியே இல்லாமல் சமாளித்தார்கள், உடனே சர்ஜரி செய்துகொண்டவர்களைவிட மோசமாகவும் இல்லை. ஐந்து வருஷத்தில் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சர்ஜரிக்கு வந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனக்குப் படி இறங்கும்போதே முட்டி விலகிக்கொண்டிருந்ததால் அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் போனது.

இரண்டு முறைக்கும் பொதுவானவற்றை வளர்த்த வேண்டாம். இரண்டும் சின்னத் துளை வழியாக நடக்கிற சர்ஜரிதான், பிரேஸ், ஊன்றுகோல், பிசியோ எல்லாம் இரண்டிலும் உண்டு, மைதானத்துக்குத் திரும்ப 9 மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். செலவிலும் தசைநார் நம்முடையது என்பதால் அதற்குத் தனிக் காசு இல்லை, பில் ஏறுவது அதை எலும்பில் பிடித்து நிறுத்துகிற ஸ்க்ரூவிலும் பட்டனிலும்தான்.

பி.டி.பியின் பலம் என்னவென்றால், தசைநாரின் நடுப்பகுதியை 10 மி.மீ. அகலத்துக்கு, இரண்டு முனையிலும் எலும்புத் துண்டோடு சேர்த்து எடுக்கிறார்கள். துளைக்குள் எலும்போடு எலும்பு சேர்வதால் ஆறு முதல் எட்டு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். ஹாம்ஸ்ட்ரிங்குக்கு அந்தப் பிடிப்பு வரக் கிட்டத்தட்ட மூன்று மாதம். நார்வே, ஸ்வீடன், டென்மார்க் நாடுகளின் ஏ.சி.எல் சர்ஜரிப் பதிவேடுகளிலும் மறுசர்ஜரிக்கு வந்தவர்கள் பி.டி.பி பக்கம் கொஞ்சம் குறைவு. கால்பந்து, கபடி என்று காலை ஊன்றித் திரும்புகிற இளவட்டங்களுக்கு இதைச் சிபாரிசு செய்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

அப்புறம் ஏன் நான் வேண்டாம் என்றேன்? முட்டி போடுவது. அவ்வளவுதான். நான் கல்யாண போட்டோகிராபர். தாலி கட்டும் நேரத்தில் மேடைக்கு முன்னால் முட்டி போட்டு எடுத்தால்தான் பின்வரிசை சொந்தக்காரர்கள் திட்டாமல் இருப்பார்கள், அதுவும் மண்டபத்து கிரானைட் தரையில், எழுந்து, நகர்ந்து, மறுபடி முட்டி போட்டு. பி.டி.பியில் வெட்டும் இடம் சரியாக அந்த முட்டி தரையில் படுகிற இடம். முட்டியின் முன்பக்க வலியும், முட்டி ஊன்றினால் வலிப்பதும் அந்த முறையில் கூடுதல் என்பது எல்லா டாக்டர்களும் ஒத்துக்கொள்கிற விஷயம். சிலருக்கு நாளாக ஆகக் குறைகிறது, சிலருக்குக் கூடவே இருந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த கபடிக்காரத் தம்பி ஒருவன் பி.டி.பி செய்துகொண்டான், ஆட்டத்தில் அவன் கால் கல் மாதிரி நிற்கிறது, ஒரு குறையும் சொல்ல முடியாது. சம்மணம் போட்டுச் சாப்பிடவும் உட்காருகிறான். ஆனால் பந்தியிலிருந்து எழும்போது அந்த முட்டியைத் தரையில் ஊன்ற மாட்டான், கையை ஊன்றி, மற்ற காலில் பாரம் போட்டு, ஒரு தினுசாகத்தான் எழுவான். தொழுகிறவர்கள், டைல்ஸ் ஒட்டுகிறவர்கள், வண்டிப் பக்கத்தில் முட்டி போட்டு வேலை பார்க்கிற மெக்கானிக்குகள் எல்லாருக்கும் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பேன். எம்.ஆர்.ஐ படத்தைப் பார்க்கிற டாக்டருக்கு நாம் என்ன வேலை செய்கிறோம் என்று நாமாகச் சொன்னால்தான் தெரியும்.

ஹாம்ஸ்ட்ரிங்கிலும் இழப்பு உண்டு. முட்டிக்குக் கீழே உள்பக்கம் சின்ன வெட்டுப் போட்டு, அங்கே வந்து சேர்கிற இரண்டு தசைநாரை உருவி, நாலு மடிப்பாக மடித்துக் கட்டுவார்கள். குப்புறப் படுத்துக் குதிகாலைப் பின்னால் முழுசாக மடக்கப் பார்த்தால் கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு அந்தக் காலில் வலு போதவில்லை. வெட்டுக்கு வெளிப்பக்கமாக உள்ளங்கை அளவு இடம் மரத்தும் கிடக்கிறது. முட்டி போடுவதற்கு இரண்டும் தடையாக இல்லை. முகூர்த்த நாட்களில் முட்டிக்கு ஒரு பேட் கட்டிக்கொள்கிறேன், வேலை ஓடுகிறது.

ஆனால் ஒன்று, நான் நாற்பதைத் தாண்டியவன், ஆடுவது ஞாயிற்றுக்கிழமை ஷட்டில். பத்தொன்பது வயதில் கல்லூரி அணிக்கு ஆடுகிற பையன் என் பேச்சைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். அந்த வயதில் ஹாம்ஸ்ட்ரிங்தான் வேண்டுமென்றால், முட்டியின் வெளிப்பக்கம் கூடுதலாக ஒரு பட்டை வைத்துக் கட்டுகிற முறையைப் பற்றிக் கேளுங்கள். 14 முதல் 25 வயது வரை உள்ள 618 பேரிடம் பார்த்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், மறுபடி அறுந்தது 11 சதவீதத்திலிருந்து 4-க்கு இறங்கியிருக்கிறது.

முட்டிச் சில்லுக்கு மேலே இருக்கும் குவாட் தசைநாரையும், கணுக்கால் பக்கத்திலிருந்து பெரோனியஸ் தசைநாரையும் எடுக்கிற டாக்டர்கள் இப்போது நிறைய. முட்டி போடுகிறவர்களுக்குப் பி.டி.பியைவிட இவை தேவலை. ஆனால் செய்துகொண்டவர் யாரையும் நான் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை, அதனால் இதற்கு மேல் பேசவில்லை.

ஹாம்ஸ்ட்ரிங் என்று முடிவானால் சர்ஜரிக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மடித்த பிறகு தடிமன் 8 மி.மீ.க்குக் கீழே வந்தால் அறுகிற வாய்ப்பு கூடும், ஒல்லியானவர்கள், குட்டையானவர்கள், பெண்கள் சிலருக்கு அப்படி வருவதுண்டு. அப்படி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிடுங்கள். என் டாக்டர் ஒரு தசைநாரை இன்னொரு மடிப்பு போடுவேன் என்றார், அளந்தபோது எட்டரை வந்துவிட்டது.