கோர்பூட்டை நாமே கட்டுவதா, லிப்ரபூட்டை எடுப்பதா?

திங்க்பேட் எக்ஸ்230 மடிக்கணினியில் தயாரிப்பாளர் போட்டுத் தந்த பயாஸை (கணினியை முதலில் எழுப்பும் நிரலை) எடுத்துவிட்டுத் திறமூல ஃபர்ம்வேர் போடலாம் என்று முடிவு செய்தபின் மிஞ்சுவது ஒரே கேள்வி: கோர்பூட் என்ற ஃபர்ம்வேரையா, அதைத் தயார் நிலையில் கட்டித் தரும் லிப்ரபூட்டையா, எதைப் போடுவது? கோர்பூட் மூலநிரலை நேராக இறக்கி, நானே கட்டி ஏற்றும் வழியை எடுத்தேன். இன்றும் அதில்தான் இருக்கிறேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். லிப்ரபூட்டுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டு என் பக்கம் சாய்வேன்.

எல்லோரும் முதலில் கேட்பவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வேகத்தில் இரண்டுமே பெரும்பாலும் பழைய பயாஸை முந்தும். தங்களுக்குள் அவை வேறுபடுவது பேலோடால்தான், அதாவது வன்பொருள் எழுந்தபின் இயங்குதளத்தை ஏற்றும் நிரலால்தான்: சீபயாஸா, க்ரப்பா, இடிகே2வா என்பதைப் பொறுத்தது. முதல் முறை ஏற்ற, இரண்டுக்கும் சிப்பில் மாட்டும் அதே கிளிப், சிப்பில் எழுதும் அதே புரோகிராமர், அதே திருப்புளி வேலை. எக்ஸ்230-இல் 8 எம்பி, 4 எம்பி என ஃபர்ம்வேர் இருக்கும் இரண்டு சிப்புகள், கை வைக்கும் மேல்மூடிக்கு அடியில் இருக்கின்றன. பரவலாக விற்கும் கருப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமர் டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் விடும், சிப்போ 3.3 வோல்ட் சிப். ராஸ்பெர்ரி பை பிகோ ஒன்றைப் புரோகிராமராக்கிக் கொள்வது உத்தமம். சிப்பின் எந்தப் பகுதியில் எழுதலாம் என்று கட்டுப்படுத்தும் டிஸ்க்ரிப்டர் பூட்டை ஒருமுறை திறந்துவிட்டால் அப்புறம் லினக்ஸுக்குள்ளிருந்தே ஃப்ளாஷ்ராம் கருவி மூலம் ஏற்றிக்கொள்ளலாம்; கெர்னலுக்கு ஐஓமெம்=ரிலாக்ஸ்ட் என்ற அளவுருவைக் கொடுக்க வேண்டியிருக்கும். இதில் எதுவும் தேர்வைத் தீர்மானிக்காது.

இரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் இவற்றை எதிரெதிர் நிரல்கள் என்று நினைக்கிறார்கள். 1999-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வகத்தில் ரான் மின்னிக் லினக்ஸ்பயாஸ் என்று தொடங்கியது 2008-இல் கோர்பூட் என்று பெயர் மாறியது. வன்பொருளை எழுப்பத் தேவையானதை மட்டும் செய்துவிட்டு, மிச்சத்தைப் பேலோடிடம் கொடுத்து ஒதுங்கிக்கொள்வது அதன் வேலை. 2013-இன் கடைசியில் வந்த லிப்ரபூட், கோர்பூட்டை அடியில் வைத்துக்கொண்ட ஒரு டிஸ்ட்ரோ, அதாவது தொகுத்துத் தரும் விநியோகம். கோர்பூட்டின் குறிப்பிட்ட ஒரு நிலையைப் பிடித்து, மேலே தன் பேட்சுகளை, அதாவது நிரல் திருத்தங்களைப் போட்டு, சீபயாஸும் க்ரப்பும் சேர்த்து, தேர்ந்தெடுத்த போர்டுகளுக்குத் தயாரான ராம் (ROM, சிப்பில் ஏற்றும்) கோப்பாகத் தருகிறது. லினக்ஸ் கெர்னலை நாமே கட்டுவதற்கும் டிஸ்ட்ரோ தரும் கெர்னலை எடுத்துக்கொள்வதற்கும் உள்ள தூரம்தான் இங்கேயும்.

லிப்ரபூட்டின் பலம் கொஞ்சநஞ்சமல்ல. மூலநிரல் இல்லாத பைனரி எதையும் தொடுவதில்லை என்ற பழைய கொள்கையை 2022 நவம்பரில் அது தளர்த்தியது. முடிந்தவரை குறைப்பது என்பதே இப்போதைய நிலை. அதனால்தான் எக்ஸ்230 போன்றவை உள்ளே வர முடிந்தது. இந்தத் தலைமுறையில் இன்டெல் எம்இ-யை (சிப்செட்டுக்குள் தனியே ஓடும் மேலாண்மை எஞ்சினின் ஃபர்ம்வேரை) முழுதாக அழித்தால் இயந்திரம் 30 நிமிடத்தில் தானே அணைந்துவிடும். எம்இ-கிளீனர் கொண்டு தோலுரித்து ஒரு துண்டையாவது விட்டுவைக்க வேண்டும். லிப்ரபூட்டின் கட்டுமான ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைத் தயாரிப்பாளரின் அப்டேட்டிலிருந்து தானே இறக்கி, உரித்து, சரியான இடத்தில் செருகிவிடுகிறது. நேரடிக் கோர்பூட்டில் நம் சிப்பிலிருந்து எடுத்த டம்ப்பை (முழு நகலை) நாமே பிரித்து வழி காட்ட வேண்டும். ஒரு பயனர் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இதுதான், அதை லிப்ரபூட் அழகாகத் தாண்ட வைக்கிறது.

கோர்பூட்டின் மையக் கிளையில் (அதிகாரபூர்வ மூலநிரலில்) இன்னும் சேராத வேலையையும் லிப்ரபூட் துணிந்து எடுத்துத் தருகிறது. ஹாஸ்வெல் தலைமுறை இன்டெல் இயந்திரங்களில் பைனரி இல்லாமல் ரேமை எழுப்பும் நிரலை அது நெடுநாள் பேட்சாகவே சுமந்தது. திங்க்பேட் டி480-ஐ 2024 டிசம்பர் வெளியீட்டில் கொண்டுவந்தது இன்னும் பெரிய விஷயம். அந்த மாடலில் இன்டெல் பூட் கார்ட் இருக்கிறது; தயாரிப்பாளர் கையெழுத்திடாத ஃபர்ம்வேரை சிபியு ஏற்காது. எம்இ-யின் பழைய பதிப்பில் இருந்த சிவிஇ-2017-5705 என்ற பாதுகாப்பு ஓட்டையை வைத்து, டீகார்ட் என்ற கருவியால் அந்தப் பூட்டைக் கடந்தார்கள். டி480 வைத்திருப்பவரிடம் போய் நேரடிக் கோர்பூட் கட்டு என்று நான் சொல்ல மாட்டேன். லிப்ரபூட்டை எடுங்கள், அவ்வளவுதான். ஒரே எச்சரிக்கை: சில போர்டுகளுக்குச் சட்டப்படி மறுவிநியோகம் செய்ய முடியாத கோப்புகளை நீக்கித்தான் ராம் வெளியாகிறது. இன்ஜெக்ட் ஸ்கிரிப்டை ஓட்டி அவற்றைச் செருகிய பிறகே ஏற்ற வேண்டும்.

இவ்வளவு இருந்தும் நான் ஏன் அந்தப் பக்கம் போகவில்லை? பராமரிப்பு. ஏற்றும் நாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சில வருடம் கழித்து அந்தப் போர்டு எந்த நிலையில் இருக்கும் என்பதில்தான் பாதைகள் பிரிகின்றன. மற்ற அம்சங்கள் எல்லாம் இதற்கு அப்புறம்தான் என்பது என் கணிப்பு.

கேஜிபிஇ-டி16 கதை இதற்கு நல்ல பாடம். ஏஎம்டி ஆப்டெரான் சிபியு இரண்டு பொருத்தும் ஆசஸ் சர்வர் போர்டு அது. 2015-இல் ராப்டர் எஞ்சினியரிங் அதன் நிரலைக் கோர்பூட்டுக்குள் கொண்டுவந்தது. பைனரி இல்லாமல் ஓடும் சக்திவாய்ந்த எக்ஸ்86 போர்டு என்று பலர் அதைத் தேடி வாங்கினார்கள். 2019 நவம்பரில் 4.11 வெளியீடு வந்தபோது கோர்பூட் ஒரு கெடு வைத்தது: முதலில் ஓடும் பூட்பிளாக் சி மொழியில் ஓட வேண்டும், ரேம் எழுந்தபின் ஓடும் ராம்ஸ்டேஜ் நினைவகத்தில் இடம்பெயரக்கூடியதாக இருக்க வேண்டும், போஸ்ட்கார் என்ற தனிக் கட்டம் இருக்க வேண்டும்.

மூன்றாவதற்குக் காரணம் சுவாரசியமானது. ரேம் இன்னும் எழாத நேரத்தில் சிபியுவின் கேஷையே தற்காலிக ரேமாக வைத்துத்தான் ஆரம்ப நிரல் ஓடுகிறது. ரேம் எழுந்ததும் அந்தக் கேஷ் ஏற்பாட்டைக் கலைக்க வேண்டும். பழைய போர்டுகளில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலே நடுவழியில் தன் காலடித் தரையை உருவிக்கொள்ளும். அதனால் குளோபல் மாறிகளைப் பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு நகர்த்த ஏகப்பட்ட தந்திரங்கள் வேண்டியிருந்தன. கலைக்கும் வேலையைத் தனிக் கட்டத்துக்குத் தள்ளிவிட்டால் அத்தனையும் தேவையில்லாமல் போகும். நியாயமான மாற்றம்தான். ஆனால் டி16-இன் நிரலை அப்படித் திருத்தியெழுதிச் சோதித்துப் பார்க்க, கெடுவுக்குள் போதுமான கைகள் சேரவில்லை. 4.11-க்குப் பிறகு போர்டு மையக் கிளையிலிருந்து போய்விட்டது. லிப்ரபூட் பின்னாளில் 4.11 கிளையையே பிடித்துக்கொண்டு அதற்கு ராம் தந்தது. கோர்பூட்டை அடிப்படையாக வைத்து ஃபர்ம்வேர் தரும் தஷாரோ குழுவினர் தங்கள் பக்கம் எடுத்துப் புதுப்பித்தார்கள். போர்டு சாகவில்லை. ஆனால் மையக் கிளையில் அதன்பின் நடந்த ஒவ்வொரு மேம்பாட்டையும் யாராவது உட்கார்ந்து தனியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

மையக் கிளைக்குள் இருப்பதன் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. சவுத்பிரிட்ஜ் (யுஎஸ்பி, டிஸ்க் போன்றவற்றைக் கவனிக்கும் சிப்) நிரலில் ஒரு ஃபங்ஷனின் வடிவத்தை யாரோ மாற்றுகிறார் என்று வையுங்கள். அதைப் பயன்படுத்தும் எல்லாப் போர்டுகளையும் அவரே திருத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் தானாகக் கட்டிப் பார்க்கும் ஜென்கின்ஸ் சிவப்பு காட்டும், மதிப்பாய்வு நடக்கும் கெரிட் தளத்தில் பேட்ச் நகராது. நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது என் போர்டின் நிரலை முன்பின் தெரியாத ஒருவர் புதுப்பித்து வைக்கிறார். வெளியே பேட்சாக நிற்கும் போர்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒரு வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே நூற்றுக்கணக்கான கமிட்டுகள் (பதிவான மாற்றங்கள்) சேரும், ஒவ்வொரு முறையும் ரீபேஸ் செய்து, அதாவது பேட்சைப் புதிய நிலையின்மேல் மறுபடி பொருத்தி, மோதல்களைத் தீர்ப்பது பேட்சைச் சுமப்பவரின் பாடு. லிப்ரபூட்டில் அந்தப் பாட்டைச் சுமப்பது மிகச் சிறிய குழு. அவர்கள் செய்வதைப் பார்த்து வியக்கிறேன். அதே சமயம், என் இயந்திரத்தின் எதிர்காலத்தை அவர்களின் ஓய்வு நேரத்தோடு கட்டிவைக்க மனம் வரவில்லை.

சரி, மையக் கிளையில் எல்லாம் தானாக நடந்துவிடுகிறதா? இல்லை. ஜென்கின்ஸ் சரிபார்ப்பது நிரல் கட்டப்படுகிறதா என்பதை. கட்டப்பட்ட நிரல் எழுமா, தூங்கி எழுந்தபின் திரை வருமா, டாக்கில் மாட்டினால் யுஎஸ்பி வேலை செய்யுமா என்பதைக் கையில் போர்டு வைத்திருக்கும் மனிதர்தான் சொல்ல முடியும். அந்த வேலையைச் செய்வதாக இருந்தால் மட்டுமே நேரடிக் கோர்பூட் பொருள்படும் என்பேன்.

நான் செய்வது இவ்வளவுதான். வெளியீடுகள் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒன்று வருகின்றன. 2024 முதல் 24.02, 24.05 என்று ஆண்டும் மாதமும் சேர்ந்த எண்கள். ஒவ்வொன்றையும் ஏற்றுவதில்லை. சாண்டிபிரிட்ஜ் நார்த்பிரிட்ஜ், பிடி82எக்ஸ்6எக்ஸ் சவுத்பிரிட்ஜ், லெனோவோ எச்8 இசி (விசைப்பலகை, பேட்டரியைக் கவனிக்கும் சிப்), எக்ஸ்230 மெயின்போர்டு ஆகிய நான்கு அடைவுகளில் என்ன மாறியிருக்கிறது என்று கிட் லாகில் பார்ப்பேன். எதுவும் இல்லையென்றால் விட்டுவிடுவேன். இருந்தால் கட்டி ஏற்றி, சிபிமெம் கருவி தரும் பூட் பதிவைப் பழைய பதிவோடு வரிக்கு வரி ஒப்பிடுவேன். ரேம் டைமிங் பகுதியில் புதிதாக ஒரு வரி வந்தாலோ வராமல் போனாலோ அங்கேயே தெரிந்துவிடும்.

ஏதாவது உடைந்தால் பைசெக்ட் இருக்கிறது: கமிட்டுகளைப் பாதிபாதியாகப் பிரித்துத் தேடும் முறை. 1,000 கமிட்டுகளுக்குள் தேட வேண்டுமென்றாலும் ஏறத்தாழ 10 சுற்றில் குற்றவாளி கிடைக்கும். ஒரு சுற்று என்பது கட்டுவது, ஏற்றுவது, எழுப்பிப் பார்ப்பது. சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் முடிவில் 'தூங்கி எழுவதில்லை' என்ற புலம்பலுக்குப் பதிலாக 'இந்தக் கமிட்டுக்குப் பிறகு எழுவதில்லை' என்று சொல்ல முடியும். இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் பதில் வரும். டிஸ்ட்ரோவின் ராமை ஏற்றுபவருக்கு இந்தத் துல்லியம் சுலபமாகக் கிடைக்காது. அங்கே கோர்பூட்டின் நிலை பல மாத வேலையை ஒரே தாவலில் தாண்டும், மேலே பேட்சுகளும் மாறியிருக்கும்.

திருத்தம் கையில் இருந்தால் திருப்பி அனுப்புவதும் இங்கே எளிது. கையெழுத்து வரியோடு கெரிட்டுக்குத் தள்ளினால் போதும். அற்பத் திருத்தம் இல்லையென்றால் குறைந்தது 24 மணி நேரம் மற்றவர்கள் பார்வைக்கு இருக்க வேண்டும், மதிப்பாய்வாளர் ஒருவர் +2 தர வேண்டும். அந்த +2 எப்போது வரும் என்பது வேறு கதை. ஆளில்லாத மூலையைத் தொடும் பேட்ச் நெடுநாள் கிடக்கும். பொறுமையாக நினைவூட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவது வழியும் உண்டு: கோர்பூட்டோடு வரும் இயந்திரத்தையே வாங்கிவிடுவது. சிஸ்டம்76, ப்யூரிசம், ஸ்டார் லேப்ஸ் ஆகியவை விற்கின்றன, நோவாகஸ்டம் தஷாரோவோடு தருகிறது. பராமரிக்கச் சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர் அங்கே இருக்கிறார் என்பது என் வாதத்துக்கே வலுவான எதிர்வாதம். புதிய சிபியு வேண்டுமென்றால் இதுதான் நடைமுறை வழியும்கூட. ரேமை எழுப்ப இன்டெல்லின் எஃப்எஸ்பி பைனரியை ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவே. இவற்றில் எதையும் நான் அன்றாடம் பயன்படுத்தியதில்லை, ஆகவே பல ஆண்டு கழித்து அப்டேட் எப்படி வருகிறது என்பதை அனுபவத்தில் சொல்ல இயலாது.

தொழிற்சாலை போட்டுத் தந்த யூஇஎஃப்ஐ-யிலேயே (பழைய பயாஸின் இடத்துக்கு வந்த ஃபர்ம்வேரிலேயே) இருந்துவிடுவதைப் பற்றி ஒரு பத்தி போதும். 2023 டிசம்பரில் வெளிவந்த லோகோஃபெயில், பூட்டில் தெரியும் லோகோ படத்தைப் படிக்கும் நிரலில் இருந்த ஓட்டை. ஏஎம்ஐ, இன்சைட், ஃபீனிக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் ஃபர்ம்வேரையும் தொட்டது. அப்டேட் நின்றுபோன மாடல் வைத்திருப்பவருக்கு வழியில்லை. அதற்காகக் கோர்பூட் போட்டவர்கள் மார்தட்டவும் வேண்டாம். பேலோடாக இடிகே2 வைத்தால் அதன் ஓட்டைகளும் கூடவே வரும். 2024 ஜனவரியில் வெளியான பிக்ஸிஃபெயில் அதன் நெட்வொர்க் அடுக்கில்தான் இருந்தது. நெட்வொர்க் பூட் தேவையில்லாத நான் சீபயாஸோடு நிறுத்திக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

என் அனுபவம் மெலிந்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஏஎம்டி தளங்களில் நான் கைவைத்ததில்லை. ஹெட்ஸ் பேலோடை, அதாவது டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பை வைத்து ஃபர்ம்வேர் மாறியிருக்கிறதா என்று பூட்டின்போதே காட்டும் ஏற்பாட்டை, ஆவலுக்காகப் பார்த்ததோடு சரி. கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் மறுபடி கையெழுத்திடும் ஒழுங்கு என் பழக்கத்துக்கு ஒத்துவரவில்லை. அந்த அளவு பாதுகாப்பு தேவைப்படுபவர் வேறு முடிவுக்கு வரலாம். சர்வர்களைப் பற்றி நான் பேசுவது கேள்விஞானம்.

போர்டு வாங்கும் முன் பார்க்க வேண்டியது இது. கோர்பூட் மரத்தில் மெயின்டெய்னர்ஸ் கோப்பைத் திறந்து, அந்தப் போர்டுக்கு எதிரே பெயர் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் அதன் அடைவில் கடைசிக் கமிட்டுகளைப் பாருங்கள். எல்லாமே மரம் முழுவதும் நடந்த பொதுத் திருத்தங்களாக இருந்து, போர்டைக் கையில் வைத்துச் செய்த மாற்றம் ஒன்றுகூட இல்லையென்றால், அங்கே அந்தப் போர்டை எழுப்பிப் பார்க்கும் ஆள் நீங்கள்தான். அதற்கு நேரமிருந்தால் நேரடிக் கோர்பூட்டைக் கட்டுங்கள். இல்லையென்றால் லிப்ரபூட்டின் ஆதரவுப் பட்டியலிலிருந்து ஒரு மாடலை எடுங்கள். எந்த வழியானாலும் முதல் டம்ப்பை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று சரிபார்த்து, இயந்திரத்துக்கு வெளியே வைத்துவிடுங்கள். நேரடியாகக் கட்டுபவர்கள் அதன் பக்கத்திலேயே கட்டும்போது தேர்ந்தெடுத்த அமைப்புகளைச் சேமிக்கும் சேவ்டெஃப்கான்ஃபிக் கட்டளை தரும் சிறிய கோப்பையும் கட்டிய கமிட்டின் எண்ணையும் வையுங்கள்.