சென்ட்ஓஎஸ் போய் ஆரக்கிள் லினக்ஸ்: அந்த இலவச ஸ்கிரிப்டை நம்பலாமா?

ரெட் ஹேட் நிறுவனத்தின் கட்டண லினக்ஸுக்கு இலவச நகல் போன்றது சென்ட்ஓஎஸ். எங்களிடம் அது ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள் மூன்று. இரண்டில் 8-ஆம் பதிப்பு, பழையது ஒன்றில் 7. 8-க்கு 2029 வரை அப்டேட் வரும் என்று இருந்தது, 2020 டிசம்பரில் ரெட் ஹேட் அதை 2021 டிசம்பர் 31 என்று சுருக்கிவிட்டது. 7-க்கு 2024 ஜூன் 30. ஆள் ஆளுக்கு மாற்று தேடி அலைந்த நேரத்தில் டேட்டாபேஸ் விற்கும் ஆரக்கிள் கடை விரித்தது: ஒரே ஒரு ஸ்கிரிப்ட் (தானாக வேலை செய்யும் கட்டளைத் தொகுப்பு), ஓட்டினால் இருக்கிற சென்ட்ஓஎஸ் அப்படியே ஆரக்கிள் லினக்ஸ் ஆகிவிடும், காசு வேண்டாம்.

"ஆரக்கிள் ஓசியில கொடுக்குதுன்னா நான் கையை வைக்க மாட்டேன் தம்பி" என்றார் எங்கள் சீனியர் அண்ணன். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆரக்கிளின் கையில் இருக்கும் ஜாவாவின் அப்டேட்டுகளை அலுவலகங்களில் பயன்படுத்த 2019-இல் கட்டணம் வந்தது, 2023-இல் அந்தக் கட்டணத்தையே மொத்த ஊழியர்களின் தலையை எண்ணிப் போட ஆரம்பித்தார்கள்.

ஆனால் ஆரக்கிள் லினக்ஸ் விஷயம் வேறு. டவுன்லோடும் இலவசம், பாதுகாப்பு அப்டேட்டும் இலவசம், அவர்களைக் கூப்பிட்டு உதவி கேட்டால்தான் பணம். அடியில் இருப்பதும் ரெட் ஹேட்டின் அதே லினக்ஸ், அதனால் நம் புரோகிராம்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

நேரடியாகக் கை வைக்காமல் சென்ட்ஓஎஸ் 8 சர்வர் ஒன்றை நகல் எடுத்து அதில் ஸ்கிரிப்டை ஓட்டினேன். மென்பொருள்களை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் ரெப்போ ஃபைல்களை மாற்றியது, பேக்கேஜ்களை ஒத்திசைத்தது, ரீபூட் கேட்டது. எழுந்து வந்ததும் பழைய பேக்கப் கார்டின் டிரைவர் மட்டும் ஏறவில்லை. தப்பு என்னுடையது. ஸ்கிரிப்ட் தானாகவே ஆரக்கிளின் சொந்தக் கெர்னலான (லினக்ஸின் மையப் பகுதி) யூஇகே-யைப் போட்டுவிடும், வேண்டாம் என்றால் 'கே' (-k) ஆப்ஷனைக் கொடுக்க வேண்டும், நான் உதவிப் பக்கத்தைப் படிக்காமலே எண்டர் தட்டிவிட்டேன். முன்பே எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி அந்த ஆப்ஷனோடு ஓட்டியதும் டிரைவரும் ஏறியது.

என்னைக் கேட்டால் கொக்கி இருப்பது விலையில் இல்லை, இந்தக் கெர்னலில்தான். யூஇகே-யில் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறை வேலை செய்யும், ரெட் ஹேட் 8-இன் கெர்னலில் செய்யாது. ஆசைப்பட்டு டேட்டா டிஸ்கை அதில் ஃபார்மட் செய்துவிட்டால் நாளைக்கு வேறு வீடு பார்ப்பது கஷ்டம். ரீபூட் இல்லாமல் கெர்னலுக்கு ஒட்டுப்போடும் கேஸ்ப்ளைஸ் பற்றி நிறையப் பேசுவார்கள், நம் சொந்த சர்வரில் அது காசு கொடுத்து சப்போர்ட் வாங்கியவர்களுக்குத்தான். இரண்டையும் தொடாமல் ரெட் ஹேட்டோடு ஒத்துப்போகும் சாதாரணக் கெர்னலிலேயே இருந்தால் வாசல் திறந்தே இருக்கும். சென்ட்ஓஎஸ்ஸுக்கு மாற்றாக வந்த இலவச லினக்ஸ்களான அல்மாவும் ராக்கியும் தரும் மாற்று ஸ்கிரிப்டுகள் ஆரக்கிள் லினக்ஸ் 8-இலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொள்கின்றன.

7 வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகையால் பெரிய லாபம் இல்லை. ஆரக்கிள் லினக்ஸ் 7-இன் வழக்கமான சப்போர்ட்டே 2024 டிசம்பரில் முடிந்துவிட்டது, அப்போதே மாறியிருந்தாலும் கிடைத்திருப்பது ஆறு மாதம். எங்கள் 7-ஐத் துடைத்துவிட்டுப் புதிதாக 9-ஆம் பதிப்பைப் போட்டோம். இன்னொன்று, சென்ட்ஓஎஸ்ஸின் பழைய மிரர்களை, அதாவது பேக்கேஜ்களை இறக்கும் தளங்களை, மூடிவிட்டார்கள். ஸ்கிரிப்டைத் தொடும் முன் ரெப்போ முகவரிகளை வால்ட்டுக்கு (பழைய பதிப்புகளின் காப்பகம்) மாற்றி, பேக்கேஜ்களை நிறுவும் யம் கட்டளை வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் சென்ட்ஓஎஸ் 8 ஓடிய இரண்டு சர்வர்களில் ஒன்றைத்தான் ஆரக்கிளுக்குக் கொடுத்தேன். அதில் ஓடுவது ஆரக்கிள் டேட்டாபேஸ், அவர்கள் சான்று தரும் பட்டியலில் சென்ட்ஓஎஸ் என்றைக்கும் இருந்ததில்லை, ஆரக்கிள் லினக்ஸ் இருக்கிறது. மற்றது வெறும் வெப் சர்வர், அது அல்மாவுக்குப் போனது. அண்ணனுக்கு இந்தப் பங்கீடு சம்மதம், ஆனால் அந்த டேட்டாபேஸ் சர்வரில் யாராவது ஜாவா போடுகிறார்களா என்று மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.